செவ்வாத்தூர்ப் பாறையில் யூரோப்பியம் எவ்வளவு?

முன்பு வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்து, 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில், செவ்வாத்தூரை ஒட்டி கார்பனடைட் என்னும் அரிய பாறை வெளிப்பட்டிருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைப் போலக் கார்பனேட்டால் ஆனதென்றாலும், இது நீரடியில் படிந்ததன்று. நிலத்தின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக எழுந்து உறைந்தது. வெர்மிகுலைட் என்னும் கனிமம் வெட்டியெடுக்கப்படும் இவ்விடத்தை, பைரோகுளோர் கனிமத்தில் உள்ள நியோபியம் என்னும் உலோகத்துக்காகவும், யூரோப்பியம் உள்ளிட்ட அருமண் தனிமங்களுக்காகவும் புவியியலாளர் நன்கறிவர்.

பத்து லட்சத்தில் சில பங்கே உள்ள தனிமங்களையும் அளக்க, பாறையை முதலில் முழுமையாகக் கரைத்தாக வேண்டும். என் கருத்தில் கடினமான கட்டம் இதுதான். நைட்ரிக் அமிலத்தில் மட்டும் விட்டால் நியோபியம் நீருடன் வினைபுரிந்து கலனின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கரைசலிலேயே நிறுத்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் சிறிது தேவை. அந்த அமிலமோ கண்ணாடியை அரிப்பதோடு, அருமண் தனிமங்களைக் கரையாத ஃப்ளூரைடுகளாக அடியில் படியவைத்துவிடும். ஆகவே ஒரே பொடியிலிருந்து இரு கரைசல்கள் தயாரிப்பது நல்லது: நியோபியத்துக்கு டெஃப்லான் கலனில் ஒன்று, அருமண்களுக்கு லித்தியம் மெட்டாபோரேட்டுடன் உருக்கி அமிலத்தில் கரைத்த மற்றொன்று.

அளப்பது, அணுக்களை நிறைப்படி பிரித்து எண்ணும் நிறைமாலைமானி என்னும் கருவி. பல மடங்கு நீர்த்த கரைசல், நுண்துளிகளாகத் தெளிக்கப்பட்டு, அதிலுள்ள 6,000 கெல்வினுக்கும் மேற்பட்ட ஆர்கான் பிளாஸ்மாவுக்குள், அதாவது மின்னூட்டமடைந்த வாயுவுக்குள், நுழைகிறது. துளி உலர்ந்து, மூலக்கூறு சிதைந்து, அணு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. நான்கு உலோகத் தண்டுகளுக்கிடையே பாயும் அயனிகளில், தண்டுகளுக்குத் தரப்படும் நேர்திசை, மாறுதிசை மின்னழுத்தங்களுக்குப் பொருந்தும் நிறையுள்ளவை மட்டும் கடந்து உணர்கருவியை அடைய, அவை ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன.

கருவி நிறையை மட்டுமே பார்க்கிறது என்பதில்தான் சிக்கல். கார்பனடைட்டில் பேரியம் மிகுதி. நிறை எண் 137 உடைய பேரியம், 16 உடைய ஆக்சிஜனுடன் இணைந்தால் 153. அது யூரோப்பியத்தின் ஓர் ஐசோடோப்பின், அதாவது ஒரே தனிமத்தில் நிறையால் வேறுபடும் அணு வகைகளுள் ஒன்றின், நிறை எண். பேரியம் 135 அவ்வாறே 151-ஐத் தருகிறது; யூரோப்பியத்தின் மற்றோர் ஐசோடோப்பு 151. இரண்டிலும் கலப்படம் நேர்வதால், மாற்று ஐசோடோப்பைத் தேடித் தப்பிக்க வழியில்லை. எனவே தூய பேரியக் கரைசலைத் தனியே செலுத்தி, அதில் எத்தனை பங்கு ஆக்சைடாகிறது என்று கண்டு, மாதிரியின் எண்ணிக்கையிலிருந்து அந்தப் பங்கைக் கழிக்கிறார்கள். இயற்கைப் பேரியத்தில் 137 ஏறத்தாழ 11 விழுக்காடு, 135 ஏறத்தாழ 7 விழுக்காடு என்பதால், கழிக்காத நிலையில் 153-இல் பிழை கூடுதலாகவும் 151-இல் குறைவாகவும் இருக்கும். கழித்த பின்னர் இரு ஐசோடோப்புகளும் ஒரே அளவைக் காட்டினால் மட்டுமே, அந்த எண்ணை அறிக்கையில் எழுதலாம்.