ஒரு நெல்மணி கூடினால்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் பெயரில் இருக்கும் ‘இரணை’க்கு இரட்டை என்று பொருள். நாமும் இரட்டிப்பதில் இருந்தே தொடங்குவோம். ஒரு நெல்மணியை வையுங்கள். அதை இரண்டாக்கி, நான்காக்கி, எட்டாக்கி, இப்படி 32 தடவை இரட்டித்தால் 4,294,967,296 மணிகள் சேரும். ஆயிரம் மணி ஏறத்தாழ 25 கிராம் என்றால், குவியல் நூறு தொன்னைத் தாண்டும். ஏறத்தாழ 21 கிலோ கொண்ட புசல் கணக்கில் ஐயாயிரம். ஏக்கருக்கு நூறு புசல் கண்டாலும் ஐம்பது ஏக்கர் வயல் வேண்டும்.

சரி, அந்தக் குவியலில் இன்னும் ஒரு மணியைப் போடுங்கள். 4,294,967,297. நான் சொல்ல வந்த எண் இதுதான்.

பிரான்ஸ் நாட்டின் கணிதவியலாளர் ஃபெர்மா 17 ஆம் நூற்றாண்டில் 3, 5, 17, 257, 65,537 என்ற வரிசையைக் கவனித்தார். 2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டினால் இவை கிடைக்கும். ஐந்தும் முதன்மை எண்கள், அதாவது ஒன்றாலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை. அடுத்தது 32 ஆம் வலுவோடு ஒன்று, அதாவது நம் எண். அதுவும் முதன்மை எண்ணாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். 1732 இல் சுவிஸ் கணிதவியலாளர் ஒய்லர் அதை உடைத்தார்: 641 × 6,700,417.

வகுத்துப் பார்க்காமலே இதைக் காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சாதாரண தரம் படிக்கும் என் மருமகள் கொப்பியில் அரைப் பக்கத்தில் செய்து முடித்தாள்.

641 ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1 என்றும், 625 + 16 என்றும். முதலாவதன்படி, 641 ஆல் வகுக்கும்போது 5 × 128 ஐ −1 ஆக எண்ணலாம். அதன் நான்காம் வலு +1. அந்த நான்காம் வலுவை விரித்தால் 625 × 2 இன் 28 ஆம் வலு. இரண்டாவதன்படி 625 க்குப் பதில் −16 போடலாம். 16 என்பது 2 இன் நான்காம் வலு. எனவே பெருக்கினால் 2 இன் 32 ஆம் வலு, முன்னால் கழித்தல் குறியோடு. இதுவும் +1 க்குச் சமம் என்றால், 2 இன் 32 ஆம் வலு −1 போல நடக்கிறது. ஒன்றைக் கூட்டினால் மீதி பூச்சியம்!

அப்படியென்றால் 641 ஐ எப்படித் தேடிப் பிடிப்பது? நம் எண்ணின் எந்த முதன்மைக் காரணியும் 64 ஆல் வகுத்தால் மீதி 1 தரும் என்பதை ஒய்லர் பின்னாளில் நிறுவினார். அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடும்.

இன்னும் சுருக்கலாம். குவியலிலிருந்து இரண்டு மணியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 4,294,967,295. அது 3 × 5 × 17 × 257 × 65,537, ஃபெர்மாவின் அதே ஐந்து எண்களின் பெருக்கம். ஆகவே அந்த ஐந்தில் எதனால் நம் எண்ணை வகுத்தாலும் மீதி 2 வரும். 257 ஐ வகுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. நான்காவது முயற்சியிலேயே 641.