அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு

"சமுர்த்தி எடுத்த எங்களுக்கு ஏன் அஸ்வெசும இல்லை?" எங்கள் ஒழுங்கையில் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. சமுர்த்தி அரசின் பழைய உதவித் திட்டம், அஸ்வெசும ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் நேரடியாகப் பணம் தரும் புதிய திட்டம். சமுர்த்தி வந்ததால் இதுவும் தானாக வரும் என்றில்லை, இது வேறு கணக்கு.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்குச் சுமார் 300 கோடி டொலர் கடனுக்கு, நான்கு வருடத்தில் தவணை தவணையாகத் தருவதாக, ஒப்புதல் கொடுத்தது. பதிலுக்கு அரசு வருமானத்தைக் கூட்ட வேண்டும். 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி (பொருளின் விலையோடு சேர்த்து வாங்கும் வரி) 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது, அதுவரை விலக்கில் இருந்த காஸும் பெற்றோலும்கூட வரிக்குள் வந்தன. வற் வரி ஆள் பார்த்து விழுவதில்லை, கூலிக்குப் போகிறவரும் கடை முதலாளியும் ஒரே 18தான் கட்டுகிறார்கள். அந்த அடியைத் தாங்கத்தான் ஏழைகளுக்கு நேரடிப் பணம் என்று அதே ஒப்பந்தத்திலேயே ஒரு குறைந்தபட்சச் செலவையும் எழுதினார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும அதன் முக்கிய பகுதி.

2025 ஜனவரியிலிருந்து மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 10,000.

தெரிவு சம்பளத்தை மட்டும் வைத்து அல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கமாக 22 அளவுகோல்கள். சிக்கலும் அங்கேதான். மகன் வெளிநாட்டில் உழைத்த காலத்தில் கட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். வீட்டைப் பார்த்தால் வசதி, அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால் ஒரு பேணி சீனிகூட இல்லை. படிவத்தில் அடுப்படிக்கு ஏது கட்டம்?

இன்னொன்று, இதைப் பலர் கவனிக்கவில்லை. 2024 டிசம்பர் வரையான கணக்கைப் பார்த்த நாணய நிதியத்தின் மீளாய்வில் மற்ற எண்ணிக்கை இலக்குகள் எல்லாம் எட்டப்பட்டன, சமூகச் செலவு இலக்கு மட்டும் எட்டப்படவில்லை. வரியை வாங்கும்போது தவறாத கை கொடுக்கும்போது மட்டும் தவறியிருக்கிறது.

சரி, பெயர் இல்லாவிட்டால்? மேன்முறையீட்டுக்குத் திகதி அறிவிப்பார்கள், கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு அந்தத் திகதிக்குள் கொடுங்கள். வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், யார் உழைக்கிறார், எவ்வளவு கடன் என்று துண்டு துண்டாக எழுதுங்கள், "நாங்கள் ஏழை" என்று மட்டும் எழுதினால் நிற்காது. கொடுத்ததன் பிரதியைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்.