வளர்ச்சி ஓடுகிறது, ஆள் ஏன் வயலிலேயே நிற்கிறார்?

ஒவ்வொரு காலாண்டும் ஜிடிபி எண் வெளியானதும் இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். "உலகத்திலேயே வேகமாக வளரும் பெரிய பொருளாதாரம் நாம்தான்" என்று ஒரு கோஷ்டி மார்தட்டும். "அப்படியானால் டிகிரி முடித்த என் தம்பி ஏன் சும்மா இருக்கிறான்" என்று இன்னொன்று கேட்கும். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். 2024-25ல் இந்தியப் பொருளாதாரம் 6.5 சதவீதம் வளர்ந்தது என்பது அரசு கணக்கு. வேலை செய்பவர்களில் 46 சதவீதம் பேர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள் என்பதும் அரசு கணக்குதான், 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பு. கிட்டத்தட்ட பாதிப் பேர். ஆனால் அவர்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கும் மதிப்பு நாட்டின் மொத்தத்தில் 18 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி புரிந்துவிட்டால் அந்தச் சண்டையும் புரிந்துவிடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 70ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் பொருளாதாரம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் முப்பது வருடம் நாம் சராசரியாக 3.5 சதவீதம்தான் வளர்ந்தோம், அதாவது இரட்டிப்பாக 20 வருடம். அப்போது மக்கள்தொகையும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூடிக்கொண்டிருந்தது, அதைக் கழித்தால் ஒரு ஆளின் பங்கு இரட்டிப்பாக அரை நூற்றாண்டு ஆகும் என்று வரும். இப்போது 6.5 என்றால் 11 வருடம், மக்கள்தொகை வளர்ச்சியோ 1 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. ஆக, வளர்ச்சி பொய்யில்லை. கேள்வி அது எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

ஒரு நாடு வளர, இருக்கிற வேலையை நல்ல கருவியோடு திறமையாகச் செய்யலாம். அமெரிக்காவோ ஜப்பானோ பெரும்பாலும் அதை நம்பித்தான் ஓட வேண்டும். ஏழை நாட்டுக்குக் கூடவே இன்னொரு வழி இருக்கிறது: குறைவாக விளைகிற வேலையிலிருந்து ஆளை எடுத்து அதிகம் விளைகிற வேலையில் வைப்பது. செயின்ட் லூசியா தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார், 1979ல் நோபல் பரிசும் வாங்கினார்.

அவர் சொன்னதை பீகாரில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு விவசாயியிடம் இருக்கும் நிலம் சராசரியாக 0.39 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். அந்த ஒரு ஏக்கரில் அப்பா, இரண்டு மகன்கள், மருமகள்கள் என்று ஐந்து பேர் பாடுபடுகிறார்கள் என்று வையுங்கள். நடவுக்குச் சில நாள், களையெடுப்புக்குச் சில நாள், அறுப்புக்குச் சில நாள், அப்புறம் கோதுமைக்கும் அதே கதை. நடுவில் வரப்பைச் சரிசெய்வது, மாட்டுக்குப் புல் அறுப்பது என்று எல்லோரும் ஏதோ செய்துகொண்டேதான் இருப்பார்கள், யாரும் சோம்பேறி இல்லை. ஆனால் இளைய மகன் ரயிலேறித் திருப்பூருக்குப் போய்விட்டால் அந்த வருடம் நெல்லில் ஒரு மூட்டைகூடக் குறையாது. மற்ற நான்கு பேரும் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தால் போதும். பாடப்புத்தகத்தில் மறைமுக வேலையின்மை என்று படித்தோமே, அது இதுதான். அந்தப் பையன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைக்கும் ஒவ்வொரு பீஸும் நாட்டுக்குப் புதிதாகச் சேர்கிற மதிப்பு, ஏனென்றால் வயலில் எதுவும் குறையவில்லை.

இதை நாட்டுக்கே விரித்துப் பாருங்கள். 46 பேர் 18 ரூபாயும் மீதி 54 பேர் 82 ரூபாயும் உண்டாக்குகிறார்கள் என்றால், வயலுக்கு வெளியே இருக்கும் ஒருவர் சராசரியாக வயலில் இருப்பவரைப் போல நான்கு மடங்கு மதிப்பை உண்டாக்குகிறார். நூறில் ஒரே ஒருவர் வருடத்துக்கு இடம் மாறினாலே, அவருக்குக் கிடைப்பது சராசரி வேலை என்று வைத்துக்கொண்டால், மொத்தத்தில் 1 முதல் 1.5 சதவீதம் கூடிவிடும். வயலிலிருந்து கிளம்புகிறவருக்கு எடுத்ததும் சராசரி வேலை கிடைத்துவிடாது என்பதால் உண்மையான லாபம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், இருந்தாலும் சும்மா வருகிற வளர்ச்சி இது. 1978ல் சீனத் தொழிலாளர்களில் 70 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள், இப்போது நான்கில் ஒருவரைவிடக் குறைவு. வருடத்துக்கு நூறில் ஒருவர் என்ற கணக்கில் நாற்பது வருடத்துக்கு மேல் விடாமல் நடந்த நகர்வு அது.

நம் ஊரிலும் இது நடக்காமல் இல்லை. விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 1993-94ல் 64 சதவீதமாக இருந்தது 2011-12ல் 49க்கு வந்தது, 2018-19ல் 42.5. வெளியே வந்தவர்களில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது கட்டட வேலையில், தொழிற்சாலையில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சித்தாளாகச் செங்கல் சுமப்பது வயல் கூலியைவிட மேல்தான், ஆனால் அந்த வேலையில் பத்து வருடம் கழித்தும் உற்பத்தித் திறன் பெரிதாக ஏறாது.

அப்புறம் வந்தது 2020. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் பொருளாதாரம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. அப்போதும் வளர்ந்த ஒரே பெரிய துறை விவசாயம். நகரத்தில் சோறு இல்லாதபோது ஊரில் இருந்தது, ஆட்கள் நடந்தே ஊருக்குத் திரும்பினார்கள். 2020-21ல் வேலை செய்பவர்களில் விவசாயத்தின் பங்கு மறுபடி 46 சதவீதத்துக்கு மேல் போனது. அதுகூட ஆச்சரியமில்லை. பெருந்தொற்று முடிந்து, ஜிடிபி பழைய வேகத்தைப் பிடித்த பிறகும் அந்த எண் 46ஐ விட்டுப் பெரிதாக இறங்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

சரி, ஏன்? நம் வளர்ச்சியை இழுத்த துறைகள் ஆள் கேட்கும் துறைகளாக அமையவில்லை. ஐடியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜிடிபியில் ஏழு சதவீதம் போல வருகிறது, வேலை செய்பவர்களோ ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல், நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பத்தாவது தாண்டாத ஒரு பையனுக்கு அங்கே கதவே கிடையாது. அவனை உள்ளே எடுக்கக்கூடியது ஆடை, செருப்பு, பொம்மை, மின்னணுப் பொருள் அசெம்பிளி மாதிரியான தொழிற்சாலைகள். ஜிடிபியில் உற்பத்தித் துறையின் பங்கை 25 சதவீதம் ஆக்குவோம் என்று 2014ல் மேக் இன் இந்தியா தொடங்கியபோது சொன்னார்கள், இன்றும் அது 17 சதவீதத்தைத் தாண்டவில்லை.

இதற்குத் தொழிலாளர் சட்டத்தைக் கைகாட்டுவது வழக்கம். 100 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வேண்டும் என்று நெடுங்காலம் இருந்ததும் (புதிய சட்டத் தொகுப்பில் இது 300), அதற்குப் பயந்து முதலாளிகள் சிறிதாகவே இருந்ததும் உண்மைதான். ஆனால் என் கணக்கில் அதைவிடப் பெரிய அடி, சிறுதொழில் ஒதுக்கீடு. 800க்கும் மேற்பட்ட பொருட்களைச் சிறு ஆலைகள் மட்டுமே செய்யலாம், இயந்திரத்தில் போடும் பணத்துக்கும் உச்சவரம்பு என்று வைத்திருந்தோம். ஆயத்த ஆடையும் பின்னலாடையும் 2000க்குப் பிறகுதான் அந்தப் பட்டியலை விட்டு வெளியே வந்தன, கடைசி 20 பொருட்கள் நீக்கப்பட்டது 2015ல். நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் ஒரே கூரையின் கீழ் ஐயாயிரம் பேர் உட்கார்ந்து தைக்கும் ஆலையை நாம் தடுத்து வைத்திருந்த அதே காலத்தில் வங்கதேசம் அதைக் கட்டியது. இன்று அந்தச் சின்ன நாட்டின் ஆடை ஏற்றுமதி நம்முடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். 15 வயதைத் தாண்டிய பெண்களில் வேலையில் இருப்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்கள் 2017-18ல் 23 சதவீதம், 2023-24ல் கிட்டத்தட்ட 42. காகிதத்தில் புரட்சி. பிரித்துப் பார்த்தால் கூடியதில் பெரும்பகுதி கிராமத்தில், சொந்த நிலத்தில் அல்லது குடும்பத் தொழிலில், பலருக்குத் தனிச் சம்பளமே இல்லை. மறுபுறம், நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆலை இருந்து, போக பஸ் இருந்து, தங்க ஹாஸ்டல் இருந்தால் பெண்கள் சம்பள வேலைக்கு வருகிறார்கள் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

இனி வரும் சிக்கல் வரைபடத்தில் இருக்கிறது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புப்படி பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8. அடுத்த இருபது வருடத்துக்கான இளைஞர்கள் கங்கைச் சமவெளியில் பிறந்திருக்கிறார்கள், ஆலைகளோ தெற்கிலும் மேற்கிலும். அந்தப் பையன் வருவான், இப்போதே வருகிறான். ஆனால் பெரும்பாலும் தனியாக வருகிறான், பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு படுக்கிறான், பண்டிகைக்கு ஊருக்குப் போனால் திரும்ப வருவானா என்று மேஸ்திரிக்கே தெரியாது. ரேஷனை இப்போது எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்று ஆகிவிட்டது, பெரிய விஷயம்தான். ஆனால் குடும்பத்தோடு தங்கக் கட்டுப்படியாகும் வாடகை வீடும், பிள்ளைக்குப் புரிகிற மொழியில் பள்ளியும் ரேஷன் கடையில் கிடைக்காது. அவை இல்லாதவரை மனைவியும் அப்பாவும் அந்த ஒரு ஏக்கரில்தான் இருப்பார்கள், கணக்கெடுப்பவர் வந்து கேட்டால் தொழில் விவசாயம் என்றுதான் எழுதிக்கொண்டு போவார்.