ஃபேவரிட்ஸ்: பதிவேட்டுக்குள் குறித்து வைத்த இடங்கள்

விண்டோஸின் அமைப்பு விவரங்களைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்தால் மேலே ஃபைல், எடிட், வியூ, ஃபேவரிட்ஸ், ஹெல்ப் என்று ஐந்து மெனு. நாலாவதாக நிற்கும் ஃபேவரிட்ஸைத் தொட்டவர்கள் ரொம்பக் குறைவு. கணினி ரிப்பேர் பார்ப்பவர்களில்கூடப் பலர் ஒவ்வொரு முறையும் ஏழெட்டுக் கிளைகளை ஒவ்வொன்றாக விரித்துத்தான் வேண்டிய இடத்துக்குப் போகிறார்கள். தக்கலைப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பழகும் பையன், "அண்ணே, இதுல போறதுக்கு எளுப்ப வழி ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டான். வழி அவன் கண்முன்னேதான் இருந்தது: ஃபேவரிட்ஸில் ஒருமுறை குறித்து வைத்த இடத்துக்கு அடுத்த முறை நேராகப் போகலாம். ஃபேவரிட்ஸ் என்ற பெயரைப் பார்த்து அதை வழி என்று அவன் நினைக்கவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பெயர் அப்படி.

லத்தீனில் ஃபவேரே என்றால் ஒருவர் பக்கம் நிற்பது, தயவு காட்டுவது. அதிலிருந்து ஃபேவர். இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் புழங்கி ஆங்கிலத்துக்கு வந்தபோது ஃபேவரிட் என்பது பெரும்பாலும் ஆளைக் குறித்தது: ராஜாவின் தயவுக்கு உரியவன், அரண்மனையில் செல்லப்பிள்ளை. பிறகு பிடித்த பண்டம், பிடித்த பாட்டு, பந்தயத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் பணம் கட்டும் குதிரை என்று பொருள் விரிந்தது. இணைய உலாவிகள் வந்தபோது, திரும்பப் பார்க்க வேண்டிய பக்கங்களை மொசைக் உலாவி ஹாட்லிஸ்ட் என்றது, நெட்ஸ்கேப் புக்மார்க் என்றது, மைக்ரோசாஃப்ட் ஃபேவரிட்ஸ் என்றது. மைக்ரோசாஃப்ட் அதே பெயரை ரெஜிஸ்ட்ரி எடிட்டருக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டது. உலாவியில் அது பொருந்தும். பிடித்த பக்கம் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். ரெஜிஸ்ட்ரிக்குள் பிடித்த இடம் என்று யாருக்கு என்ன இருக்கப்போகிறது? அங்கே போகிறவர் தலைவலியோடுதான் போகிறார்.

சரி, ரெஜிஸ்ட்ரி என்றால் என்ன? பழைய விண்டோஸில் அமைப்பு விவரங்கள் வின் டாட் ஐஎன்ஐ, சிஸ்டம் டாட் ஐஎன்ஐ போன்ற எழுத்துக் கோப்புகளில் கிடந்தன. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு ஐஎன்ஐ கோப்பைப் போட்டு வைக்கும். 1992-இல் விண்டோஸ் 3.1-இல் சின்ன அளவில் தொடங்கி, விண்டோஸ் 95-இலும் என்டியிலும் வளர்ந்து, இந்த விவரங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் தரவுத்தளமாக ரெஜிஸ்ட்ரி ஆனது. சொல்லின் வேர் இதற்குச் சரியாகவே பொருந்துகிறது. லத்தீன் ரெகெரேரே என்றால் திரும்பக் கொண்டுவருவது, கொண்டுவந்து வரிசையாக எழுதி வைத்தவை ரெகெஸ்டா, இடைக்கால லத்தீனில் ரெகிஸ்ட்ரம், பிறகு ரெஜிஸ்டர்.

ரெஜிஸ்டர் நம் பேச்சுக்குப் புதிதில்லை. ரிஜிஸ்தர் கல்யாணம், ரிஜிஸ்தர் தபால் என்பதெல்லாம் பழகிப்போன பேச்சு. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் பெரியவர்கள் நிலப் பத்திரத்தைப் பிரமாணம் என்பார்கள். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபிறகும் திருவிதாங்கூர்க் காலத்துச் சொற்கள் பல அப்படியே தங்கிவிட்டன. எழுத்துத் தமிழில் நமக்குக் கிடைத்தது பதிவேடு. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் தொடங்கி இந்தச் சொல்லோடுதான் வளர்கிறோம்.

பதிவு, ஏடு இரண்டும் சேர்ந்தது பதிவேடு. ஏடு என்பது பனையோலை. அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்தில் கட்டுக்கட்டாக இருந்து, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையால் வெளிச்சத்துக்கு வந்த ஓலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டின் நிலமும் வரியும் கடனும் அவற்றில் பதிந்து கிடந்தன. பதிதல் என்பதில் அழுந்துதல், தங்குதல் இரண்டும் உண்டு. பெயர்ச்சொல்லாகப் பதி என்றால் இடம், ஊர். நம் மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் அய்யாவழிப் பதிகளான சாமிதோப்பும் முட்டப்பதியும்தான் நினைவுக்கு வரும். ரெஜிஸ்ட்ரிக்குப் பதிவகம் என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. பிராசஸருக்குள் இருக்கும் ரெஜிஸ்டருக்கும் பதிவகம் என்றே எழுதுகிறார்கள். ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் படிக்கிற பிள்ளை எங்கே போகும்? பதிவேடு போதும். எடிட்டருக்குத் திருத்தி. ஆக, பதிவேட்டுத் திருத்தி.

உள்ளே போனால் இன்னும் இரண்டு சொல் நிற்கும். ஒன்று கீ. சாவி என்று மொழிபெயர்த்தால் ஆள் குழம்பிப்போவார்; இந்தக் கீ எதையும் திறக்காது, ஃபோல்டர்போல உள்ளே மதிப்புகளையும் துணைக் கீகளையும் வைத்திருக்கும். சாவியே போர்த்துகீசிய ஷாவெதான். மேற்குப் பக்கத்து ஊர்களில் புழங்கும் தாக்கோல் நல்ல பழைய தமிழ், தாழைத் திறக்கும் கோல். இங்கே அதற்கும் வேலையில்லை. விசை என்றால் கீபோர்டு நினைவுக்கு வந்துவிடும். அதனால் நான் கீ என்றே விட்டுவிடுகிறேன். இன்னொன்று ஹைவ், தேன்கூடு. பதிவேட்டின் பெரிய பகுதி ஒவ்வொன்றும் வட்டில் தனிக் கோப்பாக இருக்கும். அதற்குத்தான் இந்தப் பெயர். என்டியை உருவாக்கியவர்களில் ஒருவருக்குத் தேனீ என்றால் ஆகாது என்பதால் அவரைச் சீண்டுவதற்காகவே இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். மார்த்தாண்டத்துக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிற ஊர் அது.

இனி ஃபேவரிட்ஸ். கல்யாணக் கார்டும் கோயில் கொடை நோட்டீஸும் அடிக்கிற டிடிபி கடையில் அடிக்கடி தொல்லை தருவது தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும்தான். விசைப்பலகை அமைப்புகள் இருக்கும் இடத்துக்குப் போக ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், கீபோர்ட் லேஅவுட்ஸ் என்று இறங்க வேண்டும். அங்கே 00000449 என்று ஒரு கீ நிற்கும். தமிழுக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் எண் அது. பதினாறடிமானத்தில் (ஹெக்ஸாடெசிமல்) 449, நம் கணக்கில் 1097. கீபோர்ட் லேஅவுட்ஸில் நின்றுகொண்டு ஃபேவரிட்ஸ் மெனுவில் ஆட் டு ஃபேவரிட்ஸைச் சொடுக்கினால் ஒரு பெயர் கேட்கும். அந்தக் கீயின் பெயரைத் தானே எழுதியும் தரும். பலர் அப்படியே ஓகே கொடுத்துவிடுகிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பயனர் உள்நுழையும்போது எந்தெந்த நிரல் ஓட வேண்டும் என்பதைச் சொல்லும் கீயின் பெயர் ரன். அது பயனருக்கு ஒன்று, கணினி முழுமைக்கும் ஒன்று என்று இரண்டு இடத்தில் உண்டு. இரண்டையும் ரன் என்றே குறித்து வைக்க வழியில்லை. அதனால் தானாக வருகிற பெயரை அழித்துவிட்டு, "தொடக்கம் - பயனர்", "தொடக்கம் - கணினி", "எழுத்துரு - பட்டியல்", "பிரிண்டர் - பட்டியல்" என்று எழுதுவது நல்லது. தமிழிலேயே எழுதலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும்.

மெனுவில் இருப்பது இரண்டே கட்டளை: சேர்ப்பது, நீக்குவது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஃபேவரிட்ஸ் என்பது நிஜமான ஃபோல்டர். உள்ளே கிளை ஃபோல்டர் போட்டு அடுக்கலாம், அதற்கென்று ஆர்கனைஸ் கட்டளையும் இருந்தது. இங்கே அது கிடையாது, பெயர் மாற்றவும் மெனுவில் வழி கிடையாது. ஆனால் நாம் குறித்தவை எல்லாம் பதிவேட்டுக்குள்ளேயேதான் எழுதப்படுகின்றன: ஹெச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், ஆப்லெட்ஸ், ரெஜ்எடிட், ஃபேவரிட்ஸ். அந்தக் கீயைத் திறந்தால் வலது பக்கம் ஒவ்வொரு குறிப்பும் ஒரு வரியாக நிற்கும். இடப்பக்கம் பெயர், அதற்கு நேரே முழுப் பாதை. பெயர் மாற்ற அந்த வரியில் எஃப்2 அழுத்தினால் போதும். நீளமாக அடுக்கிப்போன பட்டியலைச் சீர் செய்ய இதைவிட நல்ல இடமில்லை. அப்புறம், இந்தக் கீயையே ஃபேவரிட்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வேறொரு கணினிக்குக் கொண்டுபோக, அதே கீயில் ஃபைல் மெனுவிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து, கிடைக்கும் ரெஜ் கோப்பை அங்கே இம்போர்ட் செய்யலாம். சேமிக்கும்போது வகையைக் கவனியுங்கள். வழக்கமான ரெஜ் கோப்பு யுனிகோடில் இருக்கும், தமிழ்ப் பெயர் அப்படியே போய்ச் சேரும். விண்டோஸ் 9எக்ஸ், என்டி4 காலத்து வகையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்து நின்ற இடமெல்லாம் கேள்விக்குறி நிற்கும். இன்னொன்று: ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அன்டூ கிடையாது. ஃபேவரிட்ஸ் கீயில் ஒரு வரியை அழித்தால் குறிப்பு மட்டும்தான் போகும், அது காட்டிய இடத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கை தவறிப் பக்கத்துக் கீயை அழித்துவிட்டால் எடுத்து வைத்த நகல் இருந்தால்தான் உண்டு. நகல் எடுக்காமல் உள்ளே கை வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

சேர்த்து வைத்ததெல்லாம் காணாமல் போய்விட்டது என்று வரும் புகாருக்கு விடை அந்தப் பாதையின் முதல் சொல்லிலேயே இருக்கிறது. கரண்ட் யூசர், அதாவது அந்தந்தப் பயனர். சாதாரணக் கணக்கில் உட்கார்ந்துகொண்டு, அட்மின் கணக்கின் கடவுச்சொல்லைப் போட்டு எடிட்டரைத் திறந்தால், அது அட்மினுடைய குறிப்புகளைத்தான் காட்டும். நம்முடையவை எங்கும் போகவில்லை, நம் கணக்கிலேயே இருக்கின்றன.

இதையெல்லாம் பார்த்தபிறகு தமிழ்ச் சொல்லைத் தேடினால் பிடித்தவை, விருப்பங்கள் என்ற வழக்கமான இரண்டும் ஏன் ஒட்டவில்லை என்பது புரியும். விருப்பம் என்ற சொல்லை லைக்குக்கும் கொடுத்தாயிற்று. விருப்பத்தேர்வு என்று ஆப்ஷனுக்கும் கொடுத்தாயிற்று. மூன்றாவது சுமையையும் அதன் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. புத்தகக்குறி சரியான பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் ஏற்கெனவே உலாவிக்குப் போய்விட்ட சொல். இடக்குறி என்று ஒரு சொல்லைச் சிலகாலம் மனதில் வைத்திருந்தேன். சொல்லிப் பார்த்தால் இடக்காக ஏதோ காதில் விழுகிறது, குறியிலும் ஜோசியம் முதல் வேறு பொருள்வரை பல உண்டு. விட்டுவிட்டேன்.

திரும்ப வர வேண்டியதைக் "குறிச்சு வை" என்பதுதான் பேச்சு வழக்கு. போன் நம்பரைக் குறிச்சு வைக்கிறோம், கொடை தேதியைக் குறிச்சு வைக்கிறோம். யாரும் அவற்றை விரும்பி வைப்பதில்லை. ஆகவே பதிவேட்டுத் திருத்தியில் ஃபேவரிட்ஸ் என்பதற்குக் குறித்தவை. ஆட் டு ஃபேவரிட்ஸ் என்பது குறித்தவையில் சேர். ரிமூவ் ஃபேவரிட் என்பது குறித்ததை நீக்கு.

2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து எடிட்டரின் மேலே ஒரு முகவரிப் பட்டையும் வந்துவிட்டது. ஹெச்கீ லோக்கல் மெஷினை ஹெச்கேஎல்எம் என்று சுருக்கித் தொடங்கி முழுப் பாதையையும் ஒட்டினால் நேராக அங்கே போய் நிற்கும். பாதையை எங்காவது எழுதி வைத்திருப்பவருக்கு அது போதும். மற்றவர்களுக்குக் குறித்தவை இருக்கிறது, நாலாவது மெனுவில்.