777 போட்ட மறுநாள்

கோவையில் பதினான்கு பேர் பணிபுரியும் ஒரு தணிக்கை அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த அழைப்பு, சர்வர் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார்தான். “சார், நேத்து வரைக்கும் சேவ் ஆன ஜிஎஸ்டி ஃபைல் இன்னிக்கு ரீட் ஒன்லின்னு வருது. ஏற்கெனவே ஒருத்தர் வந்து சரி பண்ணிட்டுப் போனாரு, ஒரு நாள்தான் ஒழுங்கா இருந்துச்சு” என்றார் அலுவலக மேலாளர். அந்த ‘ஒரு நாள்’ என்ற சொல்லிலேயே நடந்தது என்னவென்று பாதி விளங்கிவிட்டது. முன்பு வந்தவர் பகிர்வுக் கோப்புறை முழுவதற்கும் 777 என்று அனுமதி வழங்கிவிட்டுச் சென்றிருக்கிறார்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் சேமிப்பகத்தில் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண்கள் உண்டு. உரிமையாளர், குழு, மற்றவர் ஆகிய மூவருக்கும் மூன்றையும் கூட்டி 7 வீதம் கொடுப்பதுதான் 777. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். அலுவலகத்தில் ஒரே ஒரு கணினியில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) புகுந்தாலும், அந்தக் கணினியின் கைக்கு எட்டும் கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டுவிடும். இவ்வளவு விலை கொடுத்தும் குறை தீராது என்பதுதான் வேடிக்கை. 777 என்பது அந்த நொடியில் வட்டில் உள்ள கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். மறுநாள் காலையில் ஒருவர் புதிதாக உருவாக்கும் கோப்பு, அவரவர் கணினியின் யுமாஸ்க் (புதிய கோப்பில் எந்த உரிமைகளைக் கழிப்பது என்ற எண்) அமைப்பையோ, விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருளின் அமைப்பையோ பின்பற்றித்தான் பிறக்கும். யுமாஸ்க் 022 என்றிருந்தால் குழுவுக்கும் மற்றவருக்கும் எழுதும் உரிமை கழிந்துவிடும். சாம்பாவில் புதிய கோப்புகளுக்கான இயல்பு வரம்பு 0744 ஆகையால் அங்கும் அதே நிலைதான். பழைய கோப்புகள் எல்லாம் திறந்து கிடக்க, புதிய கோப்புகள் மட்டும் பூட்டிக்கொள்ளும் விநோத நிலை இப்படித்தான் உண்டாகிறது.

நான் முதலில் செய்தது, கோப்புப் பட்டியலைப் பெயர்களோடு பார்க்காமல் எண்களோடு பார்த்தது. கோப்பின் உரிமையாளர் என்று திரையில் நாம் காணும் பெயர் வட்டில் எழுதப்படுவதில்லை; பயனர் எண் ஒன்றும் குழு எண் ஒன்றும்தான் எழுதப்படுகின்றன. பட்டியல் கேட்கும்போது, அந்த எண் இந்த சர்வரில் இப்போது யாருக்கு உரியது என்று தேடிப் பெயரைக் காட்டுகிறது கணினி, அவ்வளவுதான். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் சாதாரணப் பயனர்களின் எண் வரிசை 1000-இல் தொடங்குகிறது. மேக் கணினியில் முதல் பயனர் 501. ரெட் ஹாட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 6ஆம் பதிப்பு வரை 500-இல் தொடங்கி, 7ஆம் பதிப்பிலிருந்து 1000 ஆனது. இந்த வேறுபாட்டை அறியாமல் சர்வரை மாற்றியவர்கள் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம்.

இந்த அலுவலகத்தில் மூன்று வாரங்களுக்கு முன்பு பழைய சர்வர் பழுதாகி, அதன் தரவு வட்டுகளைக் கழற்றிப் புதிய சர்வரில் பொருத்தியிருக்கிறார்கள். பயனர்களை மறுபடியும் உருவாக்கும்போது, பணியில் சேர்ந்த வரிசையில் இருந்த பழைய முறையை விட்டு, பெயர்களின் அகர வரிசையில் உருவாக்கியிருக்கிறார்கள். வட்டில் இருந்த எண்கள் அப்படியே இருக்க, அவற்றுக்குரிய மனிதர்கள் மட்டும் இடம் மாறிவிட்டார்கள். மூத்த பங்குதாரரின் எண்ணாக இருந்த 1001, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவியின் எண்ணாகியிருந்தது. ஊழியர் சம்பளப் பட்டியலும், வாடிக்கையாளர்களின் பான் அட்டை, ஆதார் நகல்களும் இருந்த தனிக் கோப்புறைக்கு, 777 வருவதற்கு முன்பே அந்த மாணவிதான் உரிமையாளர். அவருக்கே அது தெரியாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது என்பதைப் பங்குதாரரிடம் சொன்னபோதுதான், இது சேவ் ஆகாத கோப்பின் பிரச்சினை மட்டும் இல்லை என்று அவருக்கு உறைத்தது.

முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் பயனர்களின் எண்களைப் பழையபடி மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மூன்று வாரங்களில் புதிய எண்களிலும் ஏராளமான கோப்புகள் சேர்ந்துவிட்டதால் கோப்புகளின் பக்கமே மாற்ற வேண்டியிருந்தது. நல்ல வேளையாகப் பழைய சர்வரின் இயங்குதள வட்டை அவர்கள் எறிந்துவிடவில்லை. அதிலிருந்த பயனர் பட்டியலைக் கொண்டு பழைய எண், புதிய எண் என்று இரண்டு பத்திகளில் தாளில் எழுதிக்கொண்டோம். எதையும் தொடுவதற்கு முன்பு, இருக்கும் உரிமையாளர் எண்களையும் அனுமதிகளையும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையால் ஒரு கோப்பில் பதிந்து வைத்தேன். தவறு நேர்ந்தால் அதே பதிவைச் செட்எஃப்ஏசிஎல் கட்டளைக்குக் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். 777 போட்டவர் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருந்தால் முந்தைய அனுமதிகளாவது மிஞ்சியிருக்கும்.

எண்களை மாற்றுவதில் ஒரு படுகுழி இருக்கிறது. 1001-ஐ 1009 ஆகவும், 1009-ஐ 1004 ஆகவும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டளை முடிந்ததும் பழைய 1001-இன் கோப்புகளும் உண்மையான 1009-இன் கோப்புகளும் ஒரே எண்ணில் கலந்துவிடும். இரண்டாம் கட்டளை இரண்டையும் சேர்த்து 1004-க்குக் கொண்டுபோய்விடும். பிறகு எது யாருடையது என்று பிரிக்க வழியே இல்லை. ஆகவே எல்லாவற்றையும் யாரும் பயன்படுத்தாத உயரத்துக்கு, அதாவது 1001-ஐ 51001 என்றும் 1009-ஐ 51009 என்றும் முதலில் ஏற்றிவிட்டு, இரண்டாவது சுற்றில் உரிய எண்களுக்கு இறக்கினோம். சர்வர் மாற்றிய தேதிக்குப் பின் திருத்தப்பட்ட கோப்புகளை மட்டும் இந்தச் சுற்றில் சேர்க்காமல் தனியே பட்டியலிட்டு, உரியவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒதுக்கினோம். அதற்கே ஒரு பிற்பகல் போயிற்று.

பொதுக் கோப்புறைகளைப் பொறுத்தவரை உரிமையாளர் யார் என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை, குழுதான் முக்கியம். வேர்டு போன்ற மென்பொருள்கள் சேமிக்கும்போது தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. இதனால் கடைசியாகச் சேமித்தவரே உரிமையாளராகிவிடுவது உண்டு. கோப்பில் எழுத உரிமை இருந்தும், கோப்புறையில் எழுத உரிமை இல்லாததால் சேவ் ஆகாமல் போவதற்கும் இதுவே காரணம். தணிக்கை, வரி, நிர்வாகம் என மூன்று குழுக்களை அமைத்து, ஒவ்வொரு கோப்புறைக்கும் 2770 கொடுத்தோம். முன்னால் நிற்கும் அந்த 2, புதிதாகப் பிறக்கும் கோப்பு உருவாக்கியவரின் குழுவை விட்டுக் கோப்புறையின் குழுவையே எடுத்துக்கொள்ளச் செய்கிறது. கோப்புகளுக்கு 660 போதும். எக்ஸெல் தாளுக்கு இயக்கும் உரிமை எதற்கு? சாம்பாவிலும் கோப்புக்கு 0660, கோப்புறைக்கு 2770 என்று வரம்பை மாற்றிய பிறகுதான் ‘மறுநாள்’ நோய் நின்றது.

லினக்ஸ் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக இணைந்திருந்த இரண்டு லினக்ஸ் கணினிகளிலும் பயனர் எண்கள் சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். வழக்கமான அமைப்பில், கணினி அனுப்பும் எண்ணை சர்வர் அப்படியே நம்பிவிடுகிறது. ரூட் என்பது எல்லா உரிமையும் உள்ள தலைமைப் பயனர்; வெளிக் கணினியின் ரூட்டுக்கு அந்த அதிகாரம் சர்வரில் செல்லாமல் தடுப்பது ரூட் ஸ்குவாஷ். சோம்பலில் சிலர் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிடுவார்கள். அந்தக் கணினியின் ரூட், சர்வர் பகிரும் கோப்புகளுக்கும் ரூட் ஆகிவிடும் என்பதால் அதை நான் எங்கும் அனுமதிப்பதில்லை. இன்னொன்று, குழுவில் புதிதாகச் சேர்த்தவர் ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால்தான் அந்த உரிமை அவருக்கு வரும். இதை மறந்து அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எனக்கே உண்டு.

வேலை முடிந்ததும் பெரும்பாலோர் திறக்க வேண்டியவை திறக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து, திறக்கக் கூடாதவற்றைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பயிற்சி மாணவி சம்பளக் கோப்புறையைச் சொடுக்கிவிட்டுத் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், இது திறக்க மாட்டேங்குதே.”

“திறக்கக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.