மூன்றரை வயதுக் கைக்கு எதற்கு இத்தனை அவசரம்?

போன புதன்கிழமை. பிரேயர் முடிந்து பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து மகனுடைய நோட்டை மேசைமேல் போட்டார்.

"டீச்சர், ஒரு வாரம் முழுசா ஓடிருச்சு. நோட்டுல ஒரு எழுத்து இல்ல. என்னதாங்க நடத்துறீங்க?"

அவருக்குப் பின்னால் நின்ற பையன் என்னைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தான். பார்த்ததும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டான்.

அந்த மறைப்பு எதற்கு என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். டியூஷனாம். பக்கத்துத் தெருவாம். 'அ' கோணலாகப் போனால் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் மொளியில் ஒன்று. "லேசாத்தான் டீச்சர், பயம் இருக்கணும்ல." பிள்ளைக்கு வயது மூன்றரை. ஜூன் மாதத்திலிருந்து என் வகுப்புக்கு இப்படி வந்திருக்கும் மூன்றாவது கை இது. பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் 11 வருஷம் தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. எடுத்தவள். இப்போது நீடாமங்கலம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கும் மழலையர் வகுப்பில் இருக்கிறேன். 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்களே, அந்த வகை வகுப்புதான். இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். பெற்றோர் கேட்கும் கேள்வி இரண்டு பக்கமும் ஒன்றுதான்: எத்தனை பக்கம் எழுதினான்?

அந்த அப்பா சொன்ன ஒரு வாரத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அவர் நின்று கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு. திங்கட்கிழமை வந்த பிள்ளைகள் கையில் மஞ்சள் கயிறு, வாயில் ஓயாத பேச்சு. வட்டமாக உட்காரவைத்து ஆளாளுக்குச் சொல்லச் சொன்னேன். காப்பரிசி தின்ற கதை, சப்பரம் இழுத்த கதை, சப்பரம் சாக்கடையில் விழுந்த கதை. ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை திடீரென்று சொன்னாள்: "அப்பாயி ஆத்துல பூ விட்டுச்சு."

நான்கு சொல். யார், எங்கே, எதை, என்ன செய்தார் என்பது முழுக்க அதில் இருக்கிறது. நாளைக்கு அவள் எழுதப்போகும் கட்டுரைக்கு அதுதான் முதல் வரி. என் பதிவேட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். அவள் நோட்டில் அன்றைக்கும் ஒன்றும் இல்லை.

ஒரு பையன் செருப்பு டப்பாவில் செய்த சப்பரத்தைக் கொண்டுவந்திருந்தான். ஒரு சக்கரம் கழன்று போயிருந்தது. "மூணுதான் இருக்கு. இன்னும் ஒண்ணு வேணும்" என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனே சொன்னான். இதுதான் கணக்கு. ஒன்று முதல் நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைகள் என்னிடம் நிறைய வருகிறார்கள். "அஞ்சு பேருக்குத் தட்டு எடுத்துட்டு வாடா" என்றால் கைகொள்ளும் மட்டும் அள்ளிக்கொண்டு வருவார்கள். நூறு என்பது அவர்களுக்கு ஒரு பாட்டின் கடைசி வரி, அவ்வளவுதான். பாட்டு தப்பில்லை. அதைக் கணக்கு என்று நம்பி வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் ஒப்பிக்கச் சொல்லிக் கைதட்டுகிறோமே, அதுதான் தப்பு.

செவ்வாய்க்கிழமை களிமண். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால்வரை வந்துவிட்டதால் மண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆயாம்மா முதல் நாளே வெட்டிவந்து கல், நத்தை ஓடு, கண்ணாடிச் சில்லு எல்லாம் பொறுக்கி, ஈரச்சாக்கில் மூடி வைத்திருந்தார். (பொறுக்காமல் ஒருநாளும் பிள்ளைகள் கையில் மண் கொடுக்காதீர்கள்.)

கையை மறைத்தானே, அவனைத்தான் அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒற்றை விரலால் மண்ணைத் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு உள்ளங்கையில் வைத்து உருட்டினான். நடுவில் மெலிந்து அறுந்தது. திரும்பச் சேர்த்து உருட்டினான். மூன்றாவது தடவை கை தானாக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டது. பாம்பு போல நீளமாக வந்தது. அதைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் கிள்ளி இரண்டாக்கினான். ஒன்றை நிமிர்த்தி வைத்தான், அதன் காலடியில் மற்றொன்றைப் படுக்க வைத்தான். "டீச்சர், மம்பட்டி" என்றான்.

எனக்கு அது 'ட'. நான் சொல்லவில்லை. அவனுக்கு அன்று அது மம்பட்டியாகவே இருக்கட்டும். பென்சிலைப் பிடிக்க வேண்டிய அதே மூன்று விரல்கள் அரைமணி நேரம் அடிவாங்காமல் வேலை செய்தன. அழுத்தம் கூட்டவும் குறைக்கவும் கற்றுக்கொண்டன.

இங்கேதான் நான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது. "எழுதினால்தானே படிப்பு" என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் என்னை வருஷக்கணக்காக அலைக்கழிக்கிறது.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில் எலும்பாகின்றன. எக்ஸ்ரேயில் எட்டாவது எலும்பு தெரிவதற்கே எட்டு வயதுக்கு மேல் ஆகலாம். விரல் தசைகளும் அந்த நிதானத்தில்தான் உறுதிப்படும். மூன்று வயதில் பிள்ளை வட்டத்தைப் பார்த்து வட்டம் வரையும். ஒரு கோட்டை இன்னொரு கோடு வெட்டும் கூட்டல் குறி, நான்கு வயதில்தான் கைக்கு வரும். சதுரம் ஐந்தை நெருங்கும்போது. முக்கோணம் அதற்கும் பிறகு. முன்னே பின்னே இருக்கும், ஆனால் வரிசை இதுதான்.

இப்போது 'அ'வை ஒருதரம் நீங்களே மெதுவாக எழுதிப் பாருங்கள். சுழித்து, வளைத்து, குறுக்கே இழுத்து, பிறகு நிமிர்ந்த கோடு. கூட்டல் குறியே வராத கைக்கு இதைக் கொடுத்துவிட்டு, கோணலாகப் போனது என்று அடிக்கிறோம். அரிச்சுவடியில் முதலில் நிற்பதால் எழுதுவதற்கும் அதுவே முதல் என்று வைத்துவிட்டார்கள். வாயைத் திறந்தாலே வருவதால் சொல்வதற்கு அது முதல் எழுத்து. எழுத அப்படியில்லை. ட, ப, ம போன்றவை கைக்கு எவ்வளவோ எளிது. மொத்தம் 247 எழுத்து இருக்கிறதே, எப்போது முடிப்பது என்று ஒரு அம்மா என்னிடம் அழுதார். அம்மா, 12 உயிரும் 18 மெய்யும் கால், கொம்பு போன்ற குறிகளும் பிடிபட்டால் மீதி தானாக வரும். ஏழு வயதில் ஒழுங்காக வரும். நான்கு வயதில் அடித்து வரவழைக்க வேண்டாம்.

நம் பெரியவர்கள் இதை அறியாதவர்களா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதலில் மணலைப் பரப்பி விரலால்தான் எழுதவைத்தார்கள். ஓலையும் எழுத்தாணியும் அப்புறம். இன்றைக்கும் விஜயதசமிக்குக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே என்ன கொடுக்கிறார்கள்? நெல்லைப் பரப்பி, விரலைப் பிடித்து ஓர் எழுத்து. அது ஆசீர்வாதம். பூந்தோட்டத்தில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததும் கோடு போட்ட நோட்டை வாங்கிக் கொடுத்து, பத்துத் தடவை எழுது என்று உட்காரவைப்பது யார் சொல்லிக்கொடுத்த வழக்கம்?

என் வகுப்பில் வியாழக்கிழமை மணல் தட்டுதான். நின்ற கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, வட்டம். தப்பாக வந்தால் தட்டை லேசாக ஆட்டினால் போதும், தப்பு காணாமல் போய்விடும். நோட்டில் ரப்பர் போட்டு அழித்த கறுப்புத் தடம் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

புதன்கிழமை முட்டை. எப்போதும் சமையல் உதவியாளர் உரித்துத்தான் தருவார். "அக்கா, தட்டி மட்டும் குடுங்க, பிள்ளைங்க உரிக்கட்டும்" என்று கேட்டேன். ஒரு முட்டைக்குக் கால்மணி நேரம் ஆனது. பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போனது. ஆனாலும் 19 பேரும் உரித்தார்கள். இதைவிட நல்ல கைப்பயிற்சி எந்த ஆக்டிவிட்டி புத்தகத்திலும் இல்லை. வெள்ளிக்கிழமை பாட்டும் நொண்டியும், கொட்டை பிரித்து அடுக்குவதும். குன்றிமணியை மட்டும் வகுப்பிலும் வீட்டிலும் வைக்காதீர்கள், பார்க்க அழகு, உள்ளே கடும் விஷம். புளியங்கொட்டையானாலும் பெரியவர் கண் அங்கேயே இருக்க வேண்டும். மூக்கில் திணித்துக்கொண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியிருக்கிறேன்.

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று கணக்குக் கேட்பார்கள். பிள்ளை எழுதாது. நாங்களே அதன் கையை இறுக்கிப் பிடித்து எழுதி, 'வெரிகுட்' போட்டு, நட்சத்திரம் ஒட்டி அனுப்புவோம். அதைப் பார்த்துப் பெற்றவர்கள் பூரித்துப்போவார்கள். நானும் செய்தேன். அதனால்தான் சொல்கிறேன், பக்கம் நிறைந்த எல்.கே.ஜி. நோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் டீச்சர் கையெழுத்து.

இனிச் செய்ய வேண்டியது. எல்.கே.ஜி. பிள்ளைக்கு டியூஷன் வேண்டாம். நாளைக்கே நிறுத்துங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. அந்தத் தடையைத் தாண்டி நாமே காசு கொடுத்து அடிவாங்க அனுப்புவதா?

கையைப் பிடித்து எழுதவைக்காதீர்கள். இடது கையால் எடுக்கும் பிள்ளையை வலதுக்கு மாற்றாதீர்கள். நோட்டு கேட்டால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கொடுங்கள், கிறுக்கட்டும். கிரேயானை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள், விரல் தானாகச் சரியான பிடிக்கு வரும். வீட்டில் வேலை கொடுங்கள்: முருங்கைக்கீரை உருவட்டும், பூண்டு உரிக்கட்டும், சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றட்டும், கைக்குட்டையைப் பிழியட்டும். டிபன் பாக்ஸ் மூடியைத் தானே திறக்கட்டும். பெல்ட்டும் கொக்கியும் உள்ள டிரவுசர் போட்டு அனுப்பாதீர்கள். அவிழ்க்கத் தெரியாமல், கேட்கவும் பயந்து, அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

களைபறிக்க விடியற்காலையில் போகும் அம்மாக்களுக்கு: வெறும் டீயும் வர்க்கியும் கொடுத்து அனுப்பாதீர்கள். பழையதாவது இரண்டு வாய் ஊட்டச் சொல்லிவிட்டுப் போங்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுக்க விரிவாக்கிய அரசுப் பள்ளிக் காலை உணவு ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். என் பிள்ளைகள் பக்கத்து வராண்டாவில் வரும் பொங்கல் வாசனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் முதலில் காதைப் பாருங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இன்னொன்று, இது எழுத்தைவிட அவசரம். வாய்க்காலில் தண்ணீர் போகிறது. மூன்று வயதுப் பிள்ளை மூழ்க முழங்கால் ஆழம் போதும். சத்தமும் வராது. கொல்லைப் படலைச் சாத்தி வையுங்கள். யாராவது ஒருவர் பிள்ளையோடு இருங்கள்.

அந்தப் பையனின் அம்மா வெள்ளிக்கிழமை போன் செய்தார். டியூஷனை நிறுத்திவிட்டார்களாம். அப்பா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருமணி நேரம் வந்து பாயில் உட்காரச் சொல்லுங்கள் என்றேன், சொல்கிறேன் என்றார். பையன் பென்சில் டப்பா பக்கம் இன்னும் போவதில்லை. முட்டை மட்டும் இப்போது முழுசாக உரிக்கிறான். நோட்டை நான் திருப்பித் தரவில்லை. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, யு.கே.ஜி. முடிகிறபோது வாங்கிக்கொள்ளட்டும்.