நிக்கிற குதிரையை இழுத்து நடத்தாதீங்க

ஊட்டியில நாலு நாள் விடாத மழை. சவாரி இல்ல, குதிரைங்க லாயத்துலயே நின்னுச்சு, ஆனா கொள்ளும் தவிடும் மட்டும் எப்பவும் போல முழு அளவு. அஞ்சாவது நாள் வெயில் வந்ததும் கூட்டம் வந்துருச்சு. ஒரு பெட்டைக் குதிரை ரெண்டு ரவுண்டு போயிட்டு அப்படியே நின்னுடுச்சு, வேர்த்துக் கொட்டுது, முன்னங்காலால தரையைச் சுரண்டுது. வயித்துவலின்னு நினைச்சு குதிரைக்காரர் அரைமணி நேரமா அதை நடத்திக்கிட்டே இருந்திருக்காரு. நான் போய் சேணத்தை இறக்கச் சொல்லி பின்பக்கத்துல கை வச்சேன், மரக்கட்டை மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. கொஞ்ச நேரத்துல பெஞ்ச மூத்திரம் டிகாஷன் கலர்.

இதுக்குப் பேர் டையிங் அப் (tying-up), அதாவது தசை இறுகிப் பிடிச்சுக்கிறது. அந்தக் காலத்துல ஞாயித்துக்கிழமை லீவுல முழுத் தீனி தின்னுட்டு அடுத்த நாள் வண்டி இழுக்கப் போன குதிரைகளுக்கு வந்ததால மண்டே மார்னிங் டிசீஸ்னும் சொல்வாங்க. தசை நார் உடைஞ்சு அதுல இருக்கிற மயோகுளோபின்ங்கிற புரதம் ரத்தத்துல கலந்து கிட்னிக்குப் போகுது, மூத்திரம் கறுக்கிறது அதனாலதான். இந்த நிலைமையில நடக்க வைக்கிற ஒவ்வொரு அடியும் இன்னும் கொஞ்சம் தசையை உடைக்கும். அதனால எங்க நின்னுச்சோ அங்கயே நிக்க விடுங்க, தண்ணி வைங்க, குளிரா இருந்தா மேல கம்பளி போடுங்க, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. கையில இருக்குன்னு வலி ஊசியை நீங்களே போட்டுடாதீங்க, உடம்புல நீர் வத்தியிருக்கும்போது அதுவே கிட்னியைக் கெடுத்துடும்.

ஏன் பெரும்பாலும் பின்பக்கத்துல பிடிக்குது? ஏன்னா வேலை அங்கதான். நிக்கும்போது எடையில சுமார் 60 சதவீதம் முன்னங்கால்லதான் இருக்கு, ஆனா உடம்பை முன்னாடி தள்ளுறது பின்னங்கால். முன்னங்காலுக்கு உடம்போட எலும்பு இணைப்பே கிடையாது, தசையிலதான் தொங்குது. பின்னங்கால் அப்படியில்ல, இடுப்பெலும்பு வழியா முதுகெலும்போட பிணைஞ்சிருக்கு, அது தள்ளுற தள்ளு நேரா முதுகுக்குப் போகும். புட்டத்துல நீங்க கை வச்சா உருண்டு திரண்டு தெரியுற சதை குளூட்டியஸ் மீடியஸ், தொடையைப் பின்னாடி நீட்டி உடம்பைத் தள்ளுறது, குதிரை முன்னங்காலைத் தூக்கி நிக்கிறது எல்லாம் இதோட பலத்துலதான். இதோட முன்நுனி இடுப்பு முதுகுத் தசை மேலயே ஏறி உக்காந்திருக்கு, அதனால இங்க வலின்னா முதுகையும் விறைப்பா வச்சுக்கும்.

வால் பக்கம் கீழ இறங்குறது ஹேம்ஸ்ட்ரிங் தசைங்க. குளம்பு தரையில இருக்கும்போது தள்ளும், காத்துல இருக்கும்போது காலை மடக்கும். இங்கதான் நிறைய பேர் ஊசி போடுறாங்க, போடலாம், ஆனா திரும்பத் திரும்ப ஒரே இடத்துல குத்தாதீங்க. தழும்பு விழுந்து தசை சுருங்கிட்டா, முன்னாடி வர்ற கால் தரையைத் தொடுறதுக்குள்ள பின்னாடி இழுபட்டு டப்புனு விழும். வலி இருக்காது, ஆனா நடை பழையபடி வர்றது கஷ்டம். மேல புட்டத்துல குத்துறதும் வேணாம், சீழ் வச்சா கீழ வடிய வழியே இருக்காது.

முன்தொடையில குவாட்ரிசெப்ஸ். குதிரை நின்னுக்கிட்டே தூங்குதே, அது முட்டிச் சில்லைக் கொக்கி மாதிரி மாட்டி வச்சுத்தான், திரும்பக் கழட்டி விடுறது இந்தத் தசை. மெலிஞ்ச குதிரை, இளம் குதிரைல இது பலமில்லாம இருந்தா கால் பின்னாடி நீட்டினபடியே மாட்டிக்கும், எலும்பு முறிஞ்சிருச்சுன்னு பதறி ஓடி வருவாங்க. லாயத்துல கட்டிப் போட்டா பெரும்பாலும் இன்னும் மோசமாகும், மெதுவா மேட்டுல ஏத்தி நடக்க விட்டா தேறும். ஆனா டாக்டர் பாத்து இதுதான்னு சொன்ன பிறகு நடத்துங்க.

அந்தப் பெட்டைக்கு டிரிப்ஸ் ஏத்தி ரெண்டு நாள்ல மூத்திரம் தெளிஞ்சுது, சேணம் போட மாசக்கணக்காச்சு. இப்ப மழைன்னா அந்தக் குதிரைக்காரர் கொள்ளைப் பாதியாக்கி புல்லைக் கூட்டிடுறாரு, மழை விட்ட நேரம் பாத்துக் கொஞ்சம் நடத்துறாரு, சேணம் ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் உள்ளங்கையால அழுத்திப் பாக்குறாரு.